சாம்பலும் கறுப்பும்: ஒரு தாயின் உருவப்படம்

உருவப்படம் ஒன்றைக் கண்டவுடன் எம்முள் எழும் முதல் வினா, "இவர் யார்?" என்பதாகும். மலையையோ கடலையோ தீட்டிய சித்திரத்தின் முன் நின்று, அது எந்த மலை, எந்தக் கடல் என்று கேளாமலே இரசிக்கின்ற நாம், மனித முகம் ஒன்று வந்துவிட்டால் அதன் பெயரை அறியும்வரை அமைதியடைவதில்லை. பெயர் தெரிந்தபின்போ, படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அம் மனிதரின் கதையைப் பார்க்கத் தொடங்குகின்றோம். சித்திரம் எங்கோ பின்னாலே நின்றுவிடுகின்றது.

இந்த வழக்கத்தை மனமார வெறுத்த ஓவியர் ஒருவர் இருந்தார். அவர்தாம் ஜேம்ஸ் மக்நீல் விஸ்லர். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து லோவல் நகரில் 1834 ஆம் ஆண்டு பிறந்து, பாரிஸிலே கலை பயின்று, வாழ்நாளின் பெரும்பகுதியை லண்டனிற் கழித்தவர். கூரிய நாவும் குன்றாத பிடிவாதமும் உடையவர். பகைவரைத் தேடிக்கொள்வதே ஒரு மென்கலை என்னும் பொருள்பட 1890 இல் தாம் வெளியிட்ட நூலுக்குப் பெயரிட்டவர் என்றால், அன்னாரின் இயல்பை வாசகர் ஊகித்துக் கொள்ளலாம். படத்திலுள்ளவர் யார் என்று கேளாதீர்கள், நிறங்களின் இசைவைப் பாருங்கள் என்று வாழ்நாளெல்லாம் வாதாடிய அவருக்கு வாய்த்த விதியோ வேறு. அவர் தீட்டியவற்றுள் உலகம் முழுவதும் அறிந்த படம் "விஸ்லரின் தாய்" என்ற பெயராலேயே அறியப்படுகின்றது. "சாம்பல் நிறமும் கறுப்பும்: ஓர் அமைப்பு" என்பதே அவர் அதற்கு இட்ட தலைப்பு என்பதை எத்தனை பேர் அறிவர்?

முதலிற் படத்தைப் பார்ப்போம். கதை பின்னர் வரட்டும்.

உயரம் 5 அடிக்குச் சிறிது குறைவு. அகலம் 5 அடிக்குச் சிறிது கூடுதல். தனியொருவரின் உருவத்தை உயரவாட்டிலே தீட்டுவதே பொது வழக்காயிருக்க, இங்கே அகலம் மிகுந்திருப்பது கவனிக்கத்தக்கது. வலப்புறத்தே, கதிரையொன்றில், முதிய அம்மையார் ஒருவர் அமர்ந்திருக்கின்றார். அவருடைய முகம் இடப்புறம் நோக்கியது. எமக்குத் தெரிவது பக்கத் தோற்றமே. நீண்ட கறுப்பு அங்கி அவர் உடலை முற்றாக மூடிப் பாதம்வரை வீழ்கின்றது. பாதங்கள் சிறு கால்மணையொன்றின்மேல் வைக்கப்பட்டுள்ளன. தலையில் மெல்லிய வெண்ணிற றேந்தைத் தொப்பி. அதன் ஓரங்கள் தோளிலே தொங்குகின்றன. மடிமேல் இணைந்த கைகளில் வெள்ளைக் கைக்குட்டை. பின்னால் சாம்பல் நிறச் சுவர். சுவரிலே கறுப்புச் சட்டமிட்ட சிறு படம் ஒன்று. வலது ஓரத்தில் இன்னொரு சட்டத்தின் ஒரு பகுதி மாத்திரம் தெரிய, எஞ்சியது வெட்டுப்பட்டுப் போகின்றது. இடப்புறத்தே மேலிருந்து கீழாகத் தொங்குகின்றது வெளிறிய பூவேலை தெளித்த கருந்திரைச்சீலை. அத் திரையின்மேல் வண்ணத்துப்பூச்சி வடிவில் ஓவியர் தம் கையொப்பத்தை இட்டிருக்கின்றார். அவ்வளவே.

இனி நேர்கோடுகளை எண்ணிப் பாருங்கள். சுவரின் அடிப்பாகத்துக் கறுப்புப் பட்டை, படச் சட்டம், திரையின் ஓரம், கதிரையின் கால்கள் எல்லாம் அளவுகோலால் இழுத்தாற்போல் நிமிர்ந்தும் கிடந்தும் செல்கின்றன. இந்த விறைப்பான கட்டங்களின் நடுவே வளைந்து செல்லும் பெரிய கோடு ஒன்றே உளது. அம்மையாரின் தலையிலிருந்து முதுகு வழியாகவும், மடிவழியாகப் பாதம் வரையும் இறங்கும் கோடு அது. வெண்மை எங்கெங்கே உளதெனவும் பாருங்கள். தொப்பியில், மணிக்கட்டில், கைக்குட்டையில், சுவர்ப் படத்தின் தாளில். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும் எமது கண் தன்னையறியாமலே படத்தைச் சுற்றி வருகின்றது. சிவப்பின் சாயை எங்கே உளது? முகத்திலும் கைகளிலும் மாத்திரமே. அந்தச் சாம்பல் உலகிலே உயிரின் வெம்மை தங்கியிருக்கும் இடங்கள் அவைதாம்.

யப்பானிய மர அச்சுச் சித்திரங்களை விஸ்லர் ஆவலோடு சேகரித்தவர். உருவத்தை நடுவில் வைக்காமல் ஒருபுறம் ஒதுக்குவதும், பொருளொன்றைப் படத்தின் விளிம்பிலே துணிந்து வெட்டிவிடுவதும், வெறுமையான இடத்தையும் நிறைந்த இடத்துக்கு நிகராக மதிப்பதும் அங்கிருந்து அவர் கற்றவை. வலது ஓரத்தில் அரைகுறையாய்த் தெரியும் அந்தச் சட்டத்தைத் தவறென்று எண்ணுவோர் அதனை மனத்தால் முழுமையாக்கிப் பார்க்கட்டும். படம் உடனே கனத்து ஒருபுறம் சரிவதை உணர்வர்.

படத்தில் இல்லாதவற்றையும் எண்ணவேண்டும். விக்ரோறியா மகாராணியார் காலத்து ஓவியர் வேறெவரேனும் முதிய தாயொருவரைத் தீட்டியிருந்தால், மடிமீது விவிலிய நூல் இருந்திருக்கும். பக்கத்திலே பின்னல் வேலை, காலடியிற் பூனை, முழங்காலைப் பற்றி நிற்கும் பேரக்குழந்தை, கணப்பிலே நெருப்பு எல்லாம் இருந்திருக்கும். அக்காலத்துக் கண்காட்சிகளுக்குச் சென்றோர் இத்தகைய சின்னங்களை வரிவரியாக வாசித்துக் கண்ணீர் சிந்தப் பழகியவர்கள். விஸ்லர் அவர்களுக்கு வாசிப்பதற்கு எதனையும் கொடுக்கவில்லை.

இனிக் கதைக்கு வருவோம்.

அன்னா மற்றில்டா மக்நீல் 1804 ஆம் ஆண்டில் வட கரோலினா மாநிலத்து வில்மிங்ரன் நகரிற் பிறந்தவர். ஜோர்ஜ் வாஷிங்ரன் விஸ்லர் என்ற எந்திரவியலாளருக்கு 1831 இல் இரண்டாம் மனைவியானார். மொஸ்கோவையும் சென் பீற்றர்ஸ்பேர்க்கையும் இணைக்கும் புகைவண்டிப் பாதையை அமைக்க ரஷ்யப் பேரரசர் கணவரை அழைத்தபோது, 1843 இல் பிள்ளைகளோடு அங்கு சென்றார். இவ்வாண்டுகளை ஒட்டி மூன்று குழந்தைகளை அடுத்தடுத்து இழந்தார். அவர்களுள் ஒருவன் ரஷ்யாவுக்குச் செல்லும் வழியிலேயே இறந்தவன். 1849 இல், கொலரா நோயால் நலிந்திருந்த கணவரும் மறைந்தார். அன்று அணிந்த துக்க உடையை அன்னா பின்னர் களையவில்லை. ஆகவே படத்திலுள்ள கறுப்பு, ஓவியர் நிற அமைப்புக்காகத் தேடியெடுத்த கறுப்பு அன்று. அது 22 ஆண்டுகளாக அவ்வம்மையாரின் மேனியிலே இருந்து வந்த கறுப்பு.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இளைய மகன் வில்லியம் தென்பகுதிப் படையில் வைத்தியராகப் பணிபுரிந்தார். வடபகுதிக் கடற்படையின் முற்றுகையைக் கடந்து, 1863 ஆம் ஆண்டு முடிந்து 1864 பிறக்கும் வேளையில், அன்னா லண்டனுக்கு மூத்த மகனிடம் வந்து சேர்ந்தார். மகனுக்கு அது மகிழ்ச்சியோடு கலந்த நெருக்கடி. அவரோடு மணமின்றி வாழ்ந்து, பல படங்களுக்கு உருவமாயும் அமர்ந்த ஜோ என்ற அயர்லாந்துப் பெண்ணை அவசரமாக வேறிடத்துக்கு அனுப்பி, வீட்டை மேல்மாடியிலிருந்து நிலவறைவரை ஒழுங்குசெய்ய வேண்டியதாயிற்று. உலகத்தையெல்லாம் எதிர்த்து நின்ற அந்த மனிதர் தம் தாயாரின் கண்ணுக்கு அஞ்சினார். தெய்வபக்தி மிக்க அவ்வம்மையாரோ மகனின் சமையலறையையும் கணக்குகளையும் விருந்தினரையும் பொறுமையுடன் கவனித்து வந்தார்.

1871 ஆம் ஆண்டு. செல்சி என்னும் பகுதியில் தேம்ஸ் நதியை நோக்கிய வீடு. உருவத்துக்கு அமரவேண்டிய இளம்பெண் ஒருத்தி வராமற்போகவே, விஸ்லர் தம் தாயாரிடம், நெடுநாளாக எண்ணியிருந்தவாறு அவர் படத்தைத் தீட்டப்போவதாகச் சொன்னார். அம்மையார் அமரவில்லை, முதலில் நின்றார்! நிற்கும் உருவமாகவே மகன் தொடங்கினார். 67 வயதை எட்டிக்கொண்டிருந்த அவர் இரண்டு மூன்று நாட்கள் அசையாது நின்று பார்த்துக் களைத்துப்போகவே, கதிரை வந்தது, கால்மணையும் வந்தது. இன்று உலகம் போற்றும் அந்த அமைதியான இருக்கை ஒரு முதியவரின் கால்நோவினால் விளைந்தது என்பதை அறியும்போது, சின்னங்களைத் தேடி அலையும் விமரிசகர் சற்று அடக்கம் கொள்ள வேண்டியிருக்கின்றது.

இச் செய்திகளை அந்த ஆண்டு நவம்பரில் அன்னா தம் சகோதரிக்கு வரைந்த கடிதம் தருகின்றது. வேலை நடுவே மகன் மனம் சோர்ந்து பெருமூச்செறிந்தபோதெல்லாம், தாம் வாய்திறவாது உள்ளத்துள்ளே இறைவனைப் பிரார்த்தித்திருந்ததாக அவர் கூறுகின்றார். முடிவில் மகன் வெற்றி கண்டு களிப்போடு கூவித் தமக்கு முத்தமிட்டதையும் எழுதுகின்றார்.

மகனின் கூற்றோ வேறு. இப்படம் தம் தாயாரின் உருவம் என்பதால் தமக்கு உவப்பானது. ஆயின் அது யாருடைய உருவம் என்பதைப் பற்றிப் பொதுமக்களுக்கு என்ன அக்கறை இருக்கமுடியும், இருக்கவேண்டும் என்று பின்னாளில் அவர் அச்சிலே கேட்டார். இதனைப் படித்துவிட்டு, அவரை ஈரமற்ற மனிதர் என்று பழித்தோர் பலர். அப்பழி நியாயமானதென எமக்குத் தோன்றவில்லை. தம் தாயின்மேலுள்ள அன்பைக் காட்டி ஊராரின் கைதட்டலைப் பெற விரும்பாத ஒருவரின் நாணம் அக் கூற்றிலே ஒளிந்திருக்கின்றது. "என் தாய்" என்று சொல்லிவிட்டால் பின்னர் படத்தைக் குறைகூற எவரும் துணியார். அந்தச் சலுகை அவருக்கு வேண்டாம். அதே வேளையில் தாயின் கடிதத்தையும் தள்ளிவிட முடியாது. அசையாது அமர்ந்திருந்த அவ்வேளைகளில் அவர் சும்மா இருக்கவில்லை. அந்த உதடுகளின் இறுக்கத்தை மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

இப்படத்தின் அச்சுப் பிரதியை வகுப்பிலே காட்டும்போது, மாணாக்கர் பெரும்பாலும் இரண்டு விடைகளையே சொல்கின்றனர். "இவர் துக்கத்தில் இருக்கின்றார்" என்பது ஒன்று. "யாரையோ காத்திருக்கின்றார்" என்பது மற்றது. முதலாவதற்கு உடை சான்று. இரண்டாவதற்குப் படத்திலே சான்றில்லை. காத்திருப்பவரின் பார்வை வாயிலையோ யன்னலையோ நாடும். இங்கே அவர்முன் இருப்பது திரைச்சீலை. காத்திருப்பவர் கதிரையின் முன்புறம் சாய்வர். இவரோ நன்றாகப் பின்னமர்ந்து, கால்களையும் உயர்த்தி வைத்து, அங்கேயே இருப்பதாக முடிவுசெய்தவர்போல் இருக்கின்றார். எதனையும் எதிர்பாராதவரின் அமைதி இது என்று சொன்னால் பொருந்தும்.

சுவரிலுள்ள சிறுபடத்தைப் பற்றியும் ஒரு சொல். அது விஸ்லர் தாமே 1859 இல் செதுக்கிய செப்புத்தகட்டுச் சித்திரம். தேம்ஸ் நதிக்கரையிலுள்ள 'கருஞ்சிங்கத் துறை' அதன் பொருள். வள்ளங்களும் பண்டகசாலைகளும் தொழிலாளரும் நிறைந்த இரைச்சலான இடம். கணவரையும் பிள்ளைகளையும் கடல்கடந்த நாடுகளிலே பறிகொடுத்து, கடைசியாகக் கடல்கடந்தே மகனிடம் வந்தவரின் முன்னே ஒரு துறைமுகச் சித்திரம் தொங்குவதில் உட்கருத்து உண்டா? உண்டு என்று நிறுவ வழியில்லை. தம் சுவரிலே தம் படத்தை மாட்டி வைத்திருந்தார், வெள்ளைத் தாள் ஒன்று அவ்விடத்துக்கு வேண்டியிருந்தது என்று ஓவியர் சொல்லியிருப்பார். இருந்தும், அந்த நிசப்தமான அறையிலே வெளியுலகம் முழுவதும் ஒரு சாண் தாளுக்குள் அடங்கிச் சுவரிலே தொங்குவதைக் காணும்போது உள்ளம் எதையோ உணர்கின்றது. உணர்வதற்குச் சான்று தேவையில்லை. அதனை ஓவியரின் நோக்கம் என்று சாதிப்பதற்கே சான்று தேவை.

இன்னொன்று. இதனை இல்லத்தின் உட்புறம் என்று நாம் எடுத்துக்கொள்கின்றோம். உண்மையில் இது அவ் வீட்டிலே ஓவியர் தொழில்செய்த அறை. சாம்பல் சுவரும் கறுப்பு அடிப்பட்டையும் அவர் தாமே விரும்பி அமைத்தவை. தாய் அமர்ந்திருப்பது தம்முடைய அடுக்களையிலோ படுக்கையறையிலோ அன்று. மகனுடைய உலகத்தின் நடுவிலே. அந்த உலகத்தின் நிறங்கள் அவருடைய விதவைக் கோலத்தோடு இவ்வளவு இசைந்து போனது தற்செயல்தானா? இங்கே தாய் மகனுக்கு இசைந்தாரா, மகன் தாய்க்கு இசைந்தாரா என்று எம்மால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

படம் உலகை எதிர்கொண்ட வரலாறு சுவையானது. 1872 இல் றோயல் அக்கடமிக் கண்காட்சிக்கு அனுப்பப்பட்டபோது, தேர்வுக்குழுவினர் அதனைத் தள்ளிவிட முனைந்தனர். இது ஏற்கப்படாவிடின் தாம் விலகுவதாக சேர் வில்லியம் பொக்சோல் என்னும் முதுபெரும் ஓவியர் அச்சுறுத்திய பின்னரே இடம் கிடைத்தது. சிறுவனாயிருந்த விஸ்லரைத் தந்தையார் வேண்டுகோளின்படி படமாகத் தீட்டியவர் இந்தப் பொக்சோலே என்பது ஒரு பொருத்தம். அதன் பின்னர் விஸ்லர் அக்கடமிக்கு எந்த ஓவியத்தையும் காட்சிக்கு வைக்கவில்லை. தம் இராக்காட்சிப் படமொன்றை இழித்துரைத்த ஜோன் றஸ்கின்மீது வழக்குத் தொடுத்து 1878 இல் வென்றார். வென்றதற்கு நட்டஈடாகக் கிடைத்தது ஒரேயொரு பார்திங் நாணயம்! செலவு அவரை விழுங்க, 1879 இல் வங்குரோத்தானார். கடன் தொல்லையிலே தாயின் படமும் அச்சுப்பட வணிகரிடம் ஈடாகச் சென்று, பின்னரே மீண்டது. அன்னா 1875 இல் உடல்நலம் கருதி ஹேஸ்ரிங்ஸ் என்னும் கடற்கரை ஊருக்குச் சென்றிருந்தார். 1881 இல் அங்கேயே காலமானார். அதன்பின் மகன் தம் பெயரோடு தாய்வழிப் பெயராகிய மக்நீல் என்பதைச் சேர்த்துக்கொண்டார். "யாருடைய உருவம் என்பதில் என்ன இருக்கின்றது" என்று கேட்டவர்தாம்!

1891 இல் பிரெஞ்சு அரசு படத்தை 4,000 பிராங்குக்கு வாங்கியது. கவிஞர் மல்லார்மே முதலிய நண்பர் அதற்காக உழைத்தனர். விலை சிறிதாயினும் விஸ்லர் பெருமகிழ்ச்சி அடைந்தார்.

1932 இல் நியூயோர்க் நவீனகலை அரும்பொருட்சாலை படத்தை இரவல் பெற்று அமெரிக்க நகரங்கள் பலவற்றுக்கும் அனுப்பியது. பொருளாதார வீழ்ச்சியின் கொடுங்காலம் அது. வேலையும் வீடும் இழந்த மக்கள் கூட்டங்கூட்டமாய் வந்து பார்த்தனர். அவர்கள் கண்டது நிற அமைப்பையா? அன்று, அசையாமல் ஓரிடத்தில் அமர்ந்திருக்கும் ஒரு தாயை. 1934 இல் அன்னையர் தினத்தையொட்டி, அமெரிக்கத் தாய்மாரின் நினைவாக 3 சத முத்திரையொன்று இவ்வுருவத்தோடு வெளியாயிற்று. முத்திரையை வரைந்தோர் படத்தைக் குறுக்கியதோடு அமையாது, அம்மையாரின் காலருகே ஒரு பூச்சாடியையும் சேர்த்துவிட்டனர். ஓவியர் சங்கத்தினர் கொதித்தெழுந்ததில் வியப்பில்லை. வெறுமையிலே தங்கியிருந்த அழகை அந்தப் பூச்சாடி கெடுத்ததுபோல் வேறெதுவும் கெடுத்திருக்க முடியாது. 1938 இல் பென்சில்வேனியாவின் ஆஷ்லன்ட் ஊரில் இவ்வுருவத்தை வெண்கலச் சிலையாகவும் வார்த்து வைத்தனர்.

ஓவியரின் கட்சி சரியா, மக்களின் கட்சி சரியா? இதற்கு விஸ்லரே ஒரு சோதனையை விட்டுச் சென்றிருக்கின்றார். செல்சியில் வாழ்ந்த பேரறிஞர் தோமஸ் கார்லைல் தாயின் படத்தைக் கண்டு மெச்சி, தாமும் அமர இசைந்தார். 1872, 1873 ஆம் ஆண்டுகளில் அவரையும் விஸ்லர் அதே முறையிலே தீட்டினார். அதே சாம்பல் சுவர், அதே கறுப்பு உடை, அதே பக்கத் தோற்றம். "சாம்பல் நிறமும் கறுப்பும்: இரண்டாம் இலக்கம்" என்பது அதன் பெயர். 1891 இல், தாயின் படம் 4,000 பிராங்குக்குப் போன அதே ஆண்டில், கார்லைலின் படத்தைக் கிளாஸ்கோ நகரசபை 1,000 கினிக்கு வாங்கியது. பிரெஞ்சு அரசு கொடுத்ததைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு தொகை அது. நிறங்களின் இசைவிலே இரண்டாவது எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. ஆயினும் உலகம் மனத்திலே பதித்துக்கொண்டது முதலாவதையே. நிறமும் கோடும் மாத்திரமே காரணமாயின் இரண்டும் ஒப்பாகப் புகழ்பெற்றிருக்க வேண்டும். மறுபுறம், தாய் என்ற சொல் மாத்திரமே காரணமாயின், ஓவியர் பலர் தீட்டிய தாய்மாரின் படங்களெல்லாம் ஏன் மறக்கப்பட்டன? எம்மைக் கேட்டால், அம்மையாரின் அடக்கமும் ஓவியத்தின் அடக்கமும் இங்கே ஒரே அளவாக அமைந்துவிட்டன என்போம். அவர் கண்ணீர் வடிக்கவில்லை. ஓவியரும் வடிக்க வைக்கவில்லை.

படம் இன்று பாரிஸ் ஓர்சே அரும்பொருட்சாலைக்கு உரியது. ஏற்கெனவே பயன்படுத்திய கித்தானின் பின்புறத்திலே, நீர்போல் கரைத்த வர்ணத்தால் தீட்டப்பட்டமையால், நூலிழைகளின் சுவடு பல இடங்களில் வெளித்தெரிகின்றது. அச்சுப் பிரதியில் அது புலப்படாது. எனினும் பிரதியைக் கொண்டும் ஒரு பயிற்சி செய்யலாம். உள்ளங்கையால் அம்மையாரை மறைத்துச் சுவரையும் திரையையும் மட்டும் சிறிது நேரம் பாருங்கள். பின்னர் கையை எடுத்துவிட்டு, சுவரிலுள்ள சிறுபடத்தை ஒரு விரலால் மறையுங்கள். அது மறைந்த கணமே அந்த முகத்தின் முன்னால் உள்ள வெளி எவ்வளவு அகன்றுபோகின்றது என்பதை வீட்டிலுள்ள பிள்ளைகளும் கண்டு சொல்வார்கள்.